ஏளனமும் வழிபாடும்: சீன மூலிகையும் மார்பகப் புற்றுநோயும்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான சீனப் பெண்கள் மூலிகை மருந்து உண்பதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் இலக்கிய நண்பர்களிடையே இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. முதற்குரல் பகுத்தறிவின் பெயரால் பேசுவது. விண்கலம் ஏவுகிற நாட்டில் இன்னும் வேரையும் பட்டையையும் காய்ச்சிக் குடிக்கிறார்களே என்று அது சிரிக்கிறது. இரண்டாம் குரல் மரபின் பெயரால் பேசுவது. மேலை மருத்துவம் வெட்டும், எரிக்கும், நஞ்சூட்டும். கீழை மருத்துவமோ ஆற்றும் என்று அது உருகுகிறது. இவ்விரண்டையும் எதிரெதிர்த் துருவங்கள் என்றே நாம் எண்ணி வருகிறோம். உற்று நோக்கினால் இரண்டும் ஒரே திண்ணையில் அமர்ந்திருப்பவை. நோயுற்ற பெண்ணை இரண்டுமே பார்ப்பதில்லை. முதலாவது அவளை அறிவிலி ஆக்குகிறது. இரண்டாவது அவளைச் சின்னம் ஆக்குகிறது. அவள் எதைக் குடிக்கிறாள், எதற்காகக் குடிக்கிறாள், குடிப்பதை யாரிடம் சொல்கிறாள், யாரிடம் மறைக்கிறாள் என்ற எளிய கேள்விகளை எழுப்ப இரு தரப்புக்கும் பொறுமை இல்லை.

இக்கட்டுரை இரு தரப்பையும் எதிர்த்து எழுதப்படுவது. நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. கஷாயம் குடிக்கும் பெண்ணை நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டோம். அக்கூண்டில் நிற்க வேண்டியவர்கள் இருவர். சோதனைக்கு உட்படாத சரக்கைப் புற்றுநோய் மருந்தென்று விற்பவர் ஒருவர். தம் முன் அமர்ந்திருப்பவள் என்ன உண்கிறாள் என்று ஒரு சொல் கேட்கவும் மனமில்லாத மருத்துவர் மற்றவர்.

*

முதலில், இந்தப் பெண்கள் யார்?

ஷாங்காய் நகரில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் திரட்டப்பட்ட விவரங்கள் 2008-இல் வெளியாயின. அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 86 பேர் சீன மூலிகை மருந்து உட்கொண்டிருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்கள்தாம். அதாவது, கத்தியை விட்டு ஓடி வேரிடம் தஞ்சம் புகுந்தவர்கள் அல்லர். இரண்டையும் சேர்த்துக் கைக்கொண்டவர்கள். தைவானில் 1995-இல் தொடங்கிய தேசிய மருத்துவக் காப்பீடு சீன மருத்துவத்தையும் தன் குடைக்குள் வைத்திருக்கிறது. அங்கே மூலிகைத் தூள், காப்பீட்டின் பொறுப்பில், முறையான மருந்துச் சீட்டின் பேரில் கிடைப்பது. மார்பகப் புற்றுநோயுற்ற தைவான் பெண்களுக்கு மிகுதியும் எழுதித் தரப்பட்ட சீன மருந்து எது என்று காப்பீட்டுப் பதிவுகளை அலசிய ஆய்வொன்று 2012-இல் விடை சொன்னது: ‘ஜியாவெய் சியாவ்யாவ் சான்’. இந்தப் பெயரிடம் நாம் பின்னர் திரும்பி வருவோம். அதில் ஓர் இலக்கியப் புதையல் இருக்கிறது.

பசிபிக் கடலைத் தாண்டினாலும் காட்சி பெரிதாக மாறவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் நான்கு இனக்குழுக்களைச் சேர்ந்த 379 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2000-இல் வெளிவந்தது. அனைவரும் மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் ஏதோ ஒரு மாற்று முறையை நாடியிருந்தனர். கறுப்பினப் பெண்கள் பிரார்த்தனை வழியையும், லத்தீன் இனப் பெண்களும் வெள்ளையினப் பெண்களும் உணவு மாற்றத்தையும், சீனப் பெண்கள் மூலிகையையும் மிகுதியாகத் தேர்ந்தனர். நம் பகுத்தறிவு நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. மாற்று முறைகளை நாடுவோர் படிப்பும் வருமானமும் மிக்கவர்களாகவும் வயதில் இளையவர்களாகவும் இருக்கும் போக்கே அந்த ஆய்வில் தென்பட்டது. படிக்காதவள்தான் வேரைத் தேடிப் போகிறாள் என்ற கதை அங்கேயே உடைந்து விழுகிறது.

பிறகு எதற்காகப் போகிறாள்? மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை அறுவைக் கூடத்தோடு முடிந்துவிடுவதில்லை. கீமோ சிகிச்சையின் குமட்டல், வெள்ளணுக்களின் வீழ்ச்சி, அசதி. அதன்பின் ஐந்து ஆண்டுகள், சில வேளை பத்து ஆண்டுகள், டாமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை. நள்ளிரவில் உடம்பெங்கும் தீப்பற்றியது போன்ற வெப்பம், வியர்வை, உறக்கமின்மை. இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னால் புற்றுநோய் மருத்துவரிடம் கிடைப்பது பெரும்பாலும் ஒரே பதில்: ‘இது எல்லோருக்கும் வருவதுதான்.’ சீன மருத்துவரோ மூன்று விரல் வைத்து நாடி பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். உறக்கம், கனவு, மலச்சிக்கல், கோபம் என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறார். அவர் தரும் தூள் வேலை செய்கிறதோ இல்லையோ, அந்த விசாரிப்பு வேலை செய்கிறது. நோயை வெட்டி எறிவது மேலை மருத்துவத்தின் வேலை, வேரைத் தேற்றுவது சீன மருத்துவத்தின் வேலை என்று அப்பெண்களே தமக்குள் ஒரு பாகப்பிரிவினை செய்துகொண்டிருக்கிறார்கள். இதில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது? கைவிடப்பட்ட இடத்தில் கை நீட்டியவரைப் பற்றிக்கொள்வது மனித இயல்பு.

*

ஏளனம் செய்வோர் தம் பக்கத்துக்கு எப்போதும் அழைக்கும் சாட்சி லூ சுன். சீன நவீன இலக்கியத்தின் தந்தை. சீன மருத்துவர்கள் தெரிந்தோ தெரியாமலோ ஏமாற்றுபவர்களே என்ற முடிவுக்கு வந்ததை வெளிப்படையாக எழுதியவர். தம் முதல் சிறுகதைத் தொகுப்பின் முன்னுரையில் தம் சிறுவயது அலைச்சலை அவர் விவரிக்கிறார். நோயுற்ற தந்தைக்காக அடகுக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் ஏறக்குறைய நாள்தோறும் நடந்த நடை அது. மருந்துக் கடை மேடை அவர் உயரம். அடகுக் கடை மேடை அவரைப்போல் இரு மடங்கு உயரம். மருத்துவர் கேட்ட துணைச் சரக்குகள் விசித்திரமானவை: குளிர்காலத்தில் தோண்டிய நாணல் வேர், மூன்று ஆண்டு உறைபனி கண்ட கரும்பு, முதல் துணையைப் பிரியாத சில்வண்டு ஜோடி. தந்தை 1896-இல் இறந்தார். மகன் 1904-இல் ஜப்பானின் செண்டாய் நகருக்கு மேலை மருத்துவம் படிக்கப் போனார்.

இந்தச் சினம் புனிதமான சினம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதை இன்று எடுத்தாள்வோர் 1919-இல் லூ சுன் எழுதிய ‘மருந்து’ கதையை ஒருமுறை திரும்பப் படிப்பது நல்லது. காசநோயால் சாகக் கிடக்கும் மகனுக்காக, தலை வெட்டப்பட்ட புரட்சியாளனின் இரத்தத்தில் தோய்த்த ரொட்டியைத் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் சேமிப்பையெல்லாம் கொடுத்து வாங்குகிறார். மகன் பிழைக்கவில்லை. வகுப்பறையில் இக்கதையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மாணவர்கள் அந்தத் தந்தையின் அறியாமையைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவார்கள்; கதை நகர நகர அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். ஏனெனில் லூ சுன் அந்தத் தந்தையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. விடியாத இருட்டில் சட்டைப் பையில் காசைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடக்கும் அவரது நம்பிக்கையை ஆசிரியர் இரக்கத்தோடுதான் தொடர்கிறார். அவர் வெறுப்பு முழுவதும் ரொட்டி விற்றவன் மேல். விற்ற பிறகு கடைக்கு வந்து, உறுதியாகக் குணமாகும் என்று உரத்துப் பேசுகிறவன் மேல். வாங்குபவரின் துயரத்தையும் விற்பவரின் கூச்சமின்மையையும் அவர் ஒரே தராசில் வைக்கவில்லை. நம் நண்பர்கள் லூ சுன்னின் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்தத் தந்தையை அடிக்கிறார்கள். விற்றவனோ தப்பித்துப் போய்விடுகிறான்.

*

இனி வழிபாட்டாளர்களிடம் வருவோம். அவர்களோடுதான் நமக்கு நீண்ட கணக்கு இருக்கிறது.

அவர்களின் முதல் வாதம்: இயற்கையானது தீங்கு செய்யாது. இதற்கு விடை சொல்லப் பெல்ஜியத்துக்குப் போக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மருந்தை உண்ட பெண்கள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தனர். இறுதியில் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. நடந்தது என்னவென்றால், ‘ஃபாங்ஜி’ என்ற பெயரில் வர வேண்டிய ஒரு வேருக்குப் பதிலாக அதே பெயரின் சாயல் கொண்ட அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் வந்திருந்தது. துயரம் அத்தோடு நிற்கவில்லை. சிறுநீரகங்களும் சிறுநீர்க் குழாய்களும் அகற்றப்பட்ட 39 பேரை ஆராய்ந்தபோது 18 பேருக்கு அவ்வுறுப்புகளில் புற்றுநோய் இருந்தது. 2002-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அரிஸ்டோலோக்கியா சேர்ந்த மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிசெய்தது. 2003-இல் தைவான் அவற்றைத் தடைசெய்தது. தடைக்கு முந்தைய சில ஆண்டுகளின் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து இரண்டு லட்சம் பேரைத் தெரிவுசெய்து பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்த நஞ்சு அடங்கிய மூலிகை ஏதேனும் ஒரு வடிவில் எழுதித் தரப்பட்டிருந்தது தெரியவந்தது.

இதைப் படித்துவிட்டு ‘அது சீனக்காரன் சரக்கு’ என்று யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தவை.

இரண்டாம் வாதம்: ஆயிரமாண்டு அனுபவம் பொய்யாகுமா? இது கம்பீரமான வாதம்; ஆனால் ஓட்டைப் பானை. அனுபவத்துக்குச் சில நோய்கள் தெரியும், சில தெரியா. குடித்த அன்றே வாந்தி எடுத்தால் அனுபவம் அதைப் பதிவு செய்துகொள்ளும். குடித்துப் பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்று முளைத்தால், அந்த மரணத்தையும் அந்த வேரையும் இணைத்துப் பார்க்க எந்த ஊர் வைத்தியரின் நினைவாற்றலாலும் இயலாது. அதற்கு ஆயிரக்கணக்கானோரின் பதிவேடு வேண்டும், ஒப்பீடு வேண்டும், கணக்கு வேண்டும். அரிஸ்டோலோக்கியாவின் தீங்கை ஆயிரமாண்டு அனுபவம் கண்டுபிடிக்கவில்லை; சில ஆண்டுகளின் பதிவேடு கண்டுபிடித்தது. அனுபவத்தை இழிவு செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அனுபவத்துக்கு எதைக் காணக் கண் இல்லை என்பதைச் சொல்கிறோம்.

மூன்றாம் வாதம்தான் இப்போது மிகுதியும் கேட்பது: தூ யூயூவுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைக்கவில்லையா? கிடைத்தது. கொண்டாட வேண்டிய பரிசுதான். ஆனால் எதற்காகக் கிடைத்தது? மலேரியாவுக்கு மருந்து தேடி 1967-இல் சீன அரசு தொடங்கிய மறைமுகத் திட்டத்தில் தூ யூயூவின் குழு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய மருந்துக் குறிப்புகளைப் புரட்டியது. ஏறத்தாழ இருநூறு மூலிகைகளிலிருந்து 380-க்கும் மேற்பட்ட சாறுகளை எடுத்துச் சோதித்தது. நான்காம் நூற்றாண்டின் கே ஹோங், சிங்ஹாவ் தழையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார்; காய்ச்சச் சொல்லவில்லை. வெப்பம் மருந்தைக் கெடுக்கிறதோ என்று தூ யூயூ ஐயுற்றது அந்த ஒரு வரியிலிருந்து. குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971-இல் வெற்றி கண்டார். மறு ஆண்டு முதலில் தம் உடம்பிலேயே சோதித்தார். பழஞ்சுவடியின் ஒரு வரியை இவ்வளவு கூர்மையாகப் படித்தவர் என்பதால் இலக்கிய மாணவர்களாகிய நமக்கு அவர் மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் அவர் சுவடியை வணங்கவில்லை, வினவினார். மற்ற சாறுகளைப் பழமையின் பெயரால் காப்பாற்றவில்லை, கழித்தார். அவர் பெயரைச் சொல்லி மூலிகை விற்பவர்கள் ஒன்றையாவது கழித்ததுண்டா?

மார்பகப் புற்றுநோய்க்கே இதைவிட நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சீனாவில் ‘ஷி ஷு’, அதாவது மகிழ்மரம், என்று அழைக்கப்படும் மரத்திலிருந்து 1966-இல் மன்ரோ வாலும் இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும் கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். புற்றணுவைக் கொல்லும் ஆற்றல் அதற்கு இருந்தது. நோயாளியின் உடம்பைக் கெடுக்கும் நச்சும் இருந்தது. 1970-களில் சோதனைகள் நிறுத்தப்பட்டன. பிறகு அதன் மூலக்கூற்றை மாற்றி இரினோடெகான் என்ற மருந்து ஆக்கினர். அது உடம்பில் மாறிப் பிறக்கும் பொருளை, புற்றணுவைத் தேடிச் செல்லும் எதிர்ப்புரதம் ஒன்றோடு பிணைத்துச் செய்த மருந்து 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மிகக் கொடிய வகையான, மும்மை எதிர்மறை மார்பகப் புற்றுநோய் பரவிய நிலையில் இருப்பவர்களுக்கானது அது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நோத்தபோடைட்டஸ் மரத்திலும் இதே கேம்ப்டோதெசின் இருக்கிறது. சீன மரம் ஒன்று மார்பகப் புற்றுநோய் மருந்தாக மாற 54 ஆண்டுகள் ஆயின. பட்டையைக் காய்ச்சிக் குடித்திருந்தால் நஞ்சுதான் மிஞ்சியிருக்கும். மரத்துக்கும் மருந்துக்கும் இடையிலான இந்த நெடுவழியை மறைத்துவிட்டு மரத்தையே மருந்தென்று காட்டுவதுதான் வழிபாட்டாளர்களின் வித்தை.

*

இப்போது அந்தப் பெயருக்குத் திரும்புவோம். ‘சியாவ்யாவ் சான்’ என்றால் கவலையற்று உலவுவோரின் தூள் எனலாம். சுவாங் சூவின் நூலில் முதல் அத்தியாயத்தின் தலைப்பிலும் இதே சொல்தான் இருக்கிறது; பெரும்பறவை ஒன்று ஆயிரமாயிரம் காதம் பறந்து செல்லும் அத்தியாயம் அது. சோங் வம்ச காலத்து அரசு மருந்துத் தொகுப்பில் இடம்பெற்ற இம்மருந்தில் தாங்குயி வேர், வெண்பியோனி வேர், அதிமதுரம், இஞ்சி, புதினா முதலியவை சேரும். இன்னும் இரண்டு சரக்குகள் கூடினால் அது ‘ஜியாவெய்’ ஆகிறது. மனத்தில் தேங்கிய சோகத்தால் கல்லீரலின் ஓட்டம் தடைப்பட்ட பெண்களுக்கானது என்பது மரபு சொல்லும் இலக்கணம்.

பெயர் அழகு. அந்த அழகின் அடியில் ஒரு முள் இருக்கிறது. பழைய சீன மருத்துவ நூல்கள் மார்பகப் புற்றைப் ‘பாறை’ என்ற பொருள்படும் சொல்லால் குறித்தன. பதினான்காம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மருத்துவர் சூ தான்சி அதன் தோற்றத்தைத் துல்லியமாக விவரித்தார்: முதலில் வலியில்லாத சிறு கட்டி, பல ஆண்டுகள் கழித்துக் குழிந்த புண். காரணம் சொல்லும்போது அவர் பெண்ணின் மனத்துக்குப் போனார். கணவனின் அன்பையும் மாமனார் மாமியாரின் ஆதரவையும் பெறாதவள் நாள்தோறும் அடக்கிய துயரும் கோபமும் திரண்டு கட்டியாகிறது என்றார். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் பெண்ணின் வீட்டுத் துயரை நோய்க் காரணமாகக் கண்டதில் பரிவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே விளக்கத்தை இன்றும் ஒப்பிக்கும்போது அது பரிவாக நிற்பதில்லை, தீர்ப்பாகிவிடுகிறது. நீ மனத்தை அடக்கினாய், ஆகவே உனக்கு வந்தது. மனத்தைத் திருத்திக்கொள், இல்லையேல் திரும்பவும் வரும். மனத்துயர்தான் மார்பகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இன்றுவரை இல்லை. தாமே மார்பகப் புற்றுநோயாளியாக இருந்த சூசன் சொண்டாக் 1978-இல் வெளியான நூலில், நோயை நோயாளியின் குணத்தோடு முடிச்சுப் போடும் இந்த வழக்கத்தைத்தான் கிழித்துப் போட்டார். காசநோயை மென்மையானவர்களின் நோயாக்கிய அதே கற்பனை புற்றுநோயை உணர்ச்சிகளை அடக்கியவர்களின் நோயாக்கியது என்று அவர் காட்டினார்.

காசநோய் அழகியலின் சிகரம் சீன இலக்கியத்தில் ‘சிவப்பு மாளிகைக் கனவு’. அதன் நாயகி லின் தையூ மூன்றாம் அத்தியாயத்தில் அறிமுகமாகும்போதே நோயாளி. ஜின்செங் உருண்டை உண்பவள். ஏழாம் அத்தியாயத்தில் பாவ்ச்சாயின் ‘குளிர்மண உருண்டை’ வருகிறது. நான்கு பருவங்களின் வெள்ளைப் பூக்களிலிருந்து மகரந்தத் தாள்கள், குறித்த நாள்களில் பெய்த மழைநீர், பனித்துளி, உறைபனி, வெண்பனி ஆகியவற்றைச் சேர்த்துச் செய்வது. சாவ் சுவேசினின் கையில் இது கவிதை. லூ சுன் சொல்லும் மூன்றாண்டுக் கரும்பும் பிரியாத சில்வண்டும் இதே செய்முறையின் மறுபக்கம். அங்கே அது அடகுக் கடை. புனைவில் நாம் ரசிக்கும் மருந்தை வாழ்க்கையில் யாரோ காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதை இலக்கிய வாசகர்கள் மறக்கலாகாது.

1987-இல் சீனத் தொலைக்காட்சியில் வந்த அந்நாவலின் தொடரில் லின் தையூவாக நடித்துப் புகழ்பெற்றவர் சென் சியாவ்சூ. அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சைக்கும் கீமோ சிகிச்சைக்கும் அவர் இசையவில்லை என்று அப்போதைய செய்தித்தாள்கள் எழுதின. 2007 பிப்ரவரியில் பௌத்தத் துறவு பூண்டார். அவ்வாண்டு மே 13 அன்று 41 வயதில் இறந்தார். அவர் முடிவு அவருடையது. அதை விசாரிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர் இறந்ததும், லின் தையூவே மறுபடி மறைந்தாள் என்று அந்த மரணத்தைக் காவியமாக்கியவர்களை நாம் விசாரிக்கலாம். கதாபாத்திரம் சாவது கவிதையாக இருக்கலாம். 41 வயதுப் பெண் சாவது கவிதை அன்று.

*

சான்றுகள் உண்மையில் என்ன சொல்கின்றன? இங்கே நிதானம் தேவை.

மாதவிடாய் நின்ற 71 பெண்களிடம் தாங்குயி வேரைத் தனியாகக் கொடுத்து நடத்திய அமெரிக்கச் சோதனை 1997-இல் வெளிவந்தது. 24 வாரங்களுக்குப் பின்னும் உடல் வெப்பத்தைத் தணிப்பதில் அது மருந்தற்ற போலி மாத்திரையை மிஞ்சவில்லை. சீன மருத்துவர்கள் மறுப்பு எழுப்பினர்: எம் மரபில் தாங்குயியைத் தனியாகக் கொடுப்பதே இல்லையே! நியாயமான மறுப்புதான். அப்படியானால் கூட்டு மருந்தை அதே கண்டிப்போடு சோதிக்க வேண்டிய கடமையும் உடன் வருகிறது. மறுப்பு மட்டும் போதாது. கீமோ சிகிச்சையின் பக்க விளைவுகளுக்குச் சீன மூலிகை உதவுமா என்று அலசிய காக்ரேன் மதிப்பாய்வு 2007-இல் கண்டது ஏழு சோதனைகள், 542 பெண்கள். வெள்ளணுக்கள் குறைவதைத் தடுப்பதில் ஓரளவு பயன் இருக்கலாம் என்ற சாடை தெரிந்தது. சோதனைகளின் தரமோ உறுதியாக எதையும் சொல்ல இடம் தரவில்லை. பல நூற்றாண்டு மரபுக்கு 542 பேர்! இதை எதிரியின் சதி என்பதா, சொந்த வீட்டின் சோம்பல் என்பதா?

தாங்குயிச் சாறு ஆய்வுக்கூடத்தில் மார்பகப் புற்றணுக்களின் வளர்ச்சியைத் தூண்டியது என்று ஓர் ஆய்வு எச்சரித்தது. டாமாக்சிஃபென் உண்ணும் தைவான் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வோ, தாங்குயி சேர்ந்த மருந்துகளால் கருப்பைப் புற்று கூடியதாகக் காணவில்லை. அச்சமும் ஆறுதலும் இரண்டும் அரைகுறை. தான்ஷென் வேர், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தப்போக்கு ஆபத்து என்பது மட்டும் ஐயமின்றித் தெரிந்தது. எட்டு மூலிகைகளின் கலவை என்று அமெரிக்காவில் விற்கப்பட்ட ஒரு புற்றுநோய் மருந்தில் வார்ஃபரினும் செயற்கை ஈஸ்ட்ரோஜனும் கலந்திருந்தது 2002-இல் அம்பலமானது. அது ஆண்களின் சுக்கிலவகப் புற்றுக்கு விற்கப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் ஊட்டி வளர்க்கும் மார்பகப் புற்றுடைய ஒரு பெண் அதே வகைக் கலப்படத்தை உண்டிருந்தால் என்னாகியிருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான எண் ஒன்று உண்டு. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டைக் கொண்டு, வழக்கமான சிகிச்சையை முற்றாக மறுத்து மாற்று மருத்துவம் மட்டுமே மேற்கொண்ட 281 பேரைப் பற்றிய ஆய்வு 2018-இல் அச்சேறியது. அவர்களில் பரவாத நிலை மார்பகப் புற்றுடைய பெண்கள் இறக்கும் வாய்ப்பு, வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட 5.68 மடங்கு. எந்த மாற்று மருத்துவம் என்று அந்த ஆய்வு பிரிக்கவில்லை. சீன மூலிகைக்கு எதிரான தனித் தீர்ப்பாக அதைக் காட்டுவது நேர்மையன்று. ஆனால் கத்தியின் இடத்தில் வேரை வைத்தால் என்ன விலை என்பதை அது சொல்கிறது. வேரைக் கத்தியின் பக்கத்தில் வைப்பது வேறு, இடத்தில் வைப்பது வேறு. இந்த ஒரு வேற்றுமையை மழுப்பிப் பேசுகிற எவரும், எவ்வளவு இனிய தமிழில் பேசினாலும், உயிரோடு விளையாடுகிறவரே.

*

இறுதியாக, மௌனத்தைப் பற்றி. சான் பிரான்சிஸ்கோ ஆய்வில் மாற்று முறைகளை நாடிய பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் தம் மருத்துவரிடம் அதைப் பேசியிருந்தனர். மற்றப் பாதி? திட்டுவார் என்ற அச்சம். கேட்கவில்லையே என்ற நியாயம். இதெல்லாம் அவருக்கு எங்கே தெரியும் என்ற கசப்பு. இந்த மௌனத்தை வளர்த்ததில் நம் இரு தரப்புக்கும் பங்குண்டு. ஏளனம் அவளை வாய் மூடச் செய்தது. வழிபாடு, மூடிய வாயைப் பண்பாட்டுப் பெருமை என்று மெச்சியது. நடுவில் டாமாக்சிஃபெனும் தாங்குயியும் யாருக்கும் தெரியாமல் ஓர் உடம்பில் சந்தித்துக்கொள்கின்றன.

நாம் கேட்பது அதிகமில்லை. புற்றுநோய் மருத்துவர் தம் முன் அமர்பவளிடம் ‘வேறு என்னம்மா சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்கட்டும்; பதிலைக் கேட்டு முகம் சுளிக்காதிருக்கட்டும். மூலிகை விற்பவர் பொட்டலத்தின் மேல் அதிலுள்ள செடியின் பெயரைத் தாவரவியல் பெயரோடு எழுதட்டும். ஃபாங்ஜி என்ற ஒரு சொல்லின் மயக்கத்தால் பிரஸ்ஸல்ஸில் சிறுநீரகம் இழந்த பெண்கள் அதை நம்மிடம் கேட்கிறார்கள். புற்றைக் குணமாக்கும் என்று சொல்பவர், தூ யூயூ தந்ததைப் போன்ற சான்றைத் தரட்டும். தர இயலாதவர் உறக்கத்துக்கும் பசிக்கும் உதவலாம் என்ற அளவோடு நாவை அடக்கட்டும். மரபு, பெண்ணின் மனத்தைக் குற்றவாளியாக்கும் அந்தப் பழைய வரியை அடித்துவிடட்டும்.

நம் நண்பர்களுக்கும் ஒரு சொல். ஒரு மருத்துவ முறையை முழுவதுமாக வெறுப்பதும் முழுவதுமாக வணங்குவதும் அறிவுழைப்பு தேவைப்படாத எளிய வேலைகள். தூள் தூளாக, வேர் வேராக, சோதனை சோதனையாகப் பிரித்துப் பார்ப்பது கடினமான வேலை. கீமோ சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெண் அடுப்படியில் நின்று, இந்தக் கஷாயத்தைக் குடிக்கலாமா என்று கேட்கிறாள். அவளுக்கு நம் கொள்கை தேவையில்லை. நேர்மையான விடை தேவை. விடை தெரியாத இடத்தில், தெரியவில்லை என்று சொல்லும் மருத்துவர் தேவை.